கஞ்சிக் கூடைக்குள் சுத்தியல்

என் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் இருக்கின்றன. வலது கண்ணும் கிடையாது. இதை இடது கையால் எழுதுகிறேன்; எழுத்து கொஞ்சம் சாய்ந்துதான் விழும். பார்க்கிறவர்கள் எல்லாரும் "எப்படிப் போச்சு?" என்று கேட்பார்கள். "கல் குவாரி வேட்டில் போச்சு" என்பேன். "அடப் பாவமே" என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்கள். அந்த உச்சுக் கொட்டலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேட்டில் போனது ஒரு நொடி. நான் அங்கே வேலை பார்த்தவள்தான் என்று நிரூபிக்க ஒன்றரை வருஷம் அலைந்தேனே, அதை ஒருத்தரும் கேட்டதில்லை.

எங்கள் ஊர் எழுமலைக்குப் பக்கம். வானம் பார்த்த பூமி. தகப்பனாரை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிற மனிதர் அவர். ஊர்ச் சாவடியில் அவர் சாய்ந்து உட்காரும் தூணில் வேறு யாரும் சாயமாட்டார்கள். அப்பேர்ப்பட்டவர் வீட்டில், மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் மழை இல்லாமல் போனபோது, தானியக் குதிருக்குள் கையை விட்டால் தரைதான் தட்டியது. அய்யா தன் மாட்டு வண்டியைக் கல் குவாரிக்கு வாடகைக்கு ஓட்டினார். சொந்த வண்டி, சொந்த மாடு. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் வாடகை மாட்டுத் தீவனத்துக்கும் எங்கள் ஒருவேளைக் கஞ்சிக்குமே இழுபறியாக இருந்தது.

வீட்டில் ஆத்தா, நான், என் தங்கை. எனக்கு அப்போது பதினெட்டு. "நானும் ஜல்லி உடைக்க வாரேன்யா" என்றேன்.

"நம்ம வீட்டுப் பொம்பளைக கூலிக்குப் போனதில்லத்தா" என்றார் அய்யா. அத்தோடு பேச்சு முடிந்தது.

பத்து நாள் கழித்து அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மகள் தகப்பனுக்குக் கஞ்சி கொண்டு போகிறாள். அதில் யார் என்ன குற்றம் காண முடியும்? கூடையின் அடியில் சுத்தியல், அதன்மேல் கஞ்சிக் கலயம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு துணி. இப்படித்தான் தினமும் காலையில் தெருவைக் கடந்து போனேன். காலையில் போன பிள்ளை பொழுது சாயத்தான் திரும்புகிறாளே, ஒரு கலயம் கஞ்சி குடிக்க அம்புட்டு நேரமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொள்வதுதான் எங்கள் ஊர் மரியாதை.

குவாரி காண்ட்ராக்டர் ஒரு பதிவேடு வைத்திருந்தார். கல் உடைக்கிறவர்கள், குழி போடுகிறவர்கள் எல்லார் பேரும் அதில் ஏறும். முதல் நாளே அய்யா அவரிடம் போய், "எம்மக பேரு அதுல ஏற வேணாம் மொதலாளி, சம்பந்தம் பேசுற எடத்துல பேச்சாயிரும்" என்று கேட்டுக்கொண்டார். காண்ட்ராக்டருக்கு வலிக்குமா? சரியென்றார். என் கூலியை வண்டி வாடகையோடு சேர்த்து அய்யா கையிலேயே கொடுத்தார். எட்டு மாதம் ஜல்லி உடைத்தேன். என் கூலியை நான் ஒரு நாள்கூடக் கையால் தொட்டதில்லை.

வேட்டு வைப்பது சாயங்காலம், ஆட்கள் எல்லாரும் விலகின பிறகு. பாறையில் குழி போட்டு, வெடிமருந்தை இறுகக் கிட்டித்து, திரியைக் கொளுத்திவிட்டு ஓடிவருவார்கள். எத்தனை குழியோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும்; குறைந்தால் ஒரு குழி மருந்து வெடிக்காமல் உள்ளேயே கிடக்கிறது என்று அர்த்தம். எல்லாரும் விரல் விட்டு எண்ணுவோம். அன்று ஐந்து குழி. நான் நாலுதான் எண்ணினேன். குழி போடுகிறவரும் நாலு என்றார். "ரெண்டு சேந்து வெடிச்சிருக்கும், போங்கப்பா" என்றார் காண்ட்ராக்டர். மறுநாள் காலையில் அதே பாறையில் வேலையைத் தொடங்கச் சொன்னார். குழி போடுகிறவர் கடப்பாரையை இறக்கினார். பத்தடி தள்ளி உட்கார்ந்து நான் சுத்தியலை ஓங்கினேன். அதற்குமேல் எனக்கு நினைவில் இருப்பது வாய் நிறைய மண்தான்.

குழி போட்டவர் அங்கேயே போய்விட்டார். அவர் பேர் பதிவில் இருந்ததால் அவர் பெண்சாதிக்குச் சேர வேண்டியது வழக்கு வம்பு இல்லாமல் கிடைத்தது. நான் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் காலொடிந்து கிடந்தது ஒரு டீச்சரம்மா. நாலாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு இடது கையால் எழுதப் பழக்கியது அவர்தான். வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு கேட்கச் சட்டம் இருக்கிறது என்று சொன்னதும் அவர்தான். அவர் வீட்டுக்காரர் வக்கீல். காசு வாங்காமல் மனு எழுதிக் கொடுத்தார்.

காண்ட்ராக்டரின் பதில் ஒரு மாதத்தில் வந்தது. வக்கீல் படித்துக் காட்டினார். இந்தப் பெண் என்னிடம் வேலை பார்த்தவளே அல்ல. பதிவில் பேர் இல்லை. வண்டிக்காரருக்குக் கஞ்சி கொண்டு வந்தவள், தானாகவே ஆபத்தான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். இவ்வளவுதான் பதில். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எட்டு மாதம் நான் உடைத்த ஜல்லி ரோட்டில் கிடக்கிறது, நான் மட்டும் அங்கே இல்லையாம்!

கூட வேலை பார்த்தவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பார்த்தோம். காண்ட்ராக்டரைப் பகைத்தால் மறுநாள் அடுப்பு எரியாது, யார் வருவார்? அவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. "உங்க அய்யா ஒருத்தர் சொன்னாத்தாம்மா கேசு நிக்கும்" என்றார் வக்கீல்.

அய்யாவோ என்னோடு பேசுவதையே குறைத்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் அவர் என் இடது பக்கத்தில்தான் உட்காருவார். நல்ல கண் இருக்கும் பக்கம்; போன கண் அவர் பார்வையில் படாது. என் முகத்தை நேராக ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

வழக்குக்குப் பத்து நாள் இருக்கும்போது காண்ட்ராக்டர் எங்கள் வீட்டுக்கே வந்தார். கட்டிலில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார்.

"அண்ணே, நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. பிள்ளைக்கு வைத்தியச் செலவுக்கு என்னால ஆனதத் தாரேன். கோர்ட்டுல ஏறி நீங்க என்னன்னு சொல்லுவீக? எம்மக கல்லு உடைச்சா, நான் கூலி வாங்குனேன்னா? சின்னவளுக்குச் சோழவந்தான்ல பரிசம் போட்டிருக்கீக. அவுக காதுக்கு இது போனா என்ன ஆகும்? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை அன்றிலிருந்து நான் வாசற்படி ஏற்றுவதில்லை.

அவர் போன பிறகு அய்யாவிடம் கத்தினேன். அதுவரை அவரிடம் நான் குரலை உயர்த்தியதே கிடையாது.

"எனக்கு ஒத்தக் கண்ணு, கை விளங்காது. என்னைய எவன் கட்டுவான்? நீங்க இருக்கற மட்டும் சோறு போடுவீக. அதுக்கப்புறம்? தங்கச்சி வீட்டு அடுப்படியில போயி நிக்கச் சொல்றீகளா? அந்தப் பணம் வந்தா ரெண்டு எருமையாச்சும் வாங்கிக் கட்டி எம்பாட்ட நான் பாத்துக்கிருவேன். எனக்குக் கண்ணு போனாப் போகுது, உங்க கௌரவம் மட்டும் போகக் கூடாதோ?"

ஆத்தா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். அய்யா கோபப்படவில்லை. "அவளும் எம்பிள்ளதானத்தா" என்றார். உள்ளே தங்கை அழுவது கேட்டது. அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி நல்லபடியாகப் பிழைக்கும் குடும்பம். அய்யா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நஷ்டஈட்டு வழக்கு கேட்கிற அதிகாரி மதுரைக்கு வந்து கலெக்டர் கச்சேரியில் ஓர் அறையில் உட்காருவார். நாங்கள் உசிலம்பட்டியில் ரயில் ஏறிப் போனோம். சுத்தியலைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் வக்கீல். வேட்டன்று யாரோ எடுத்து அய்யா வண்டியில் போட்டிருந்தார்கள். அதைப் பழைய கூடையிலேயே வைத்துத் துணி போட்டு மூடிக்கொண்டு போனேன். அய்யா என்ன சொல்லப் போகிறார் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அறையில் காண்ட்ராக்டர் பக்கம் எங்கள் ஊர்க்காரர்கள் ஐந்தாறு பேர் நின்றார்கள். சாட்சி சொல்ல வந்தவர்கள் அல்ல. அய்யா சொல்வதைக் கேட்க வரவழைக்கப்பட்டவர்கள்.

முதலில் என்னைக் கேட்டார்கள். சுத்தியலை எடுத்து மேசைமேல் வைத்தேன். என் கை பட்டுப் பட்டு அதன் பிடி ஓரிடத்தில் தேய்ந்திருந்தது. "சுத்தியல் இல்லாத வீடு உண்டா?" என்று சிரித்தார் எதிர்வக்கீல். "பதிவில் உன் பேர் எங்கே?"

"எழுதல."

"கூலியை உன் கையில் வாங்கியிருக்கிறாயா?"

"இல்ல. எங்கய்யா வாங்குனாக."

அவருக்கு அது போதும். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

பிறகு அய்யா ஏறினார். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அப்படி யார் முன்னாலும் நின்று நான் பார்த்ததில்லை. எங்கள் வக்கீல் மெதுவாகக் கேட்டார். "பெரியவரே, உங்க மக குவாரிக்கு எதுக்கு வந்தா?"

அய்யா ஊர்க்காரர்களைப் பார்த்தார்.

"கஞ்சி கொண்டாந்தா" என்றார்.

அதிகாரியின் பேனா ஓடத் தொடங்கியது. வக்கீலுக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை, எழுந்துவிட்டேன். முகத்தை மறைத்திருந்த முந்தானையை இழுத்துக் கீழே விட்டேன்.

"அய்யா! எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க!"

"உட்காரம்மா" என்றார் அதிகாரி. நான் உட்காரவில்லை. அய்யா திரும்பினார். வேட்டுக்குப் பிறகு முதல் தடவையாக என்னை நேருக்கு நேர் பார்த்தார். கண் இருந்த குழியைப் பார்த்தார்.

"கஞ்சியும் கொண்டாந்தா, சுத்தியலும் கொண்டாந்தா எசமான். கூலிக்குத்தான் வந்தா. எட்டு மாசம். கூலிய நாந்தான் கைநீட்டி வாங்குனேன். பேர எழுத வேணாம்னு சொன்னதும் நாந்தான். எங்கௌரவத்துக்காகச் சொன்னேன்."

எதிர்வக்கீல் துள்ளி எழுந்தார். "பணம் வருமென்று இப்போது பொய் சொல்கிறீர்!"

"பணத்துக்குப் பொய் சொல்றவன் வேற எதையாச்சும் சொல்ல மாட்டனாய்யா? எம்மக கூலிக்காரின்னு எங்க ஊராளுக முன்னால சொல்றதுக்கு நான் நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம். நெசமா இருக்கப் போயிச் சொல்றேன்."

அதிகாரி எழுதியதில் ஒரு வரியை அடித்தார். பிறகு என் பேரைக் கேட்டார். கல் உடைப்பவள் என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் எழுதினார். வேலை பார்த்தவள் என்று என் பேர் ஒரு தாளில் ஏறியது அன்றைக்குத்தான்.

மூன்று மாதம் கழித்து உத்தரவு வந்தது. வழக்கு எங்கள் பக்கம். எருமைகள் வாங்கினேன், இத்தனை வருஷம் யார் கையையும் பார்க்காமல் சாப்பிட்டிருக்கிறேன். சோழவந்தான்காரர்கள் பரிசத்தை முறித்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் தங்கை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவளுக்கு வேறு இடம் அமைந்தது, குறை சொல்ல முடியாத இடம்தான். ஆனாலும் கொடிக்கால் என்று யாராவது சொன்னால் அவள் முகம் மாறும்.

இதையெல்லாம்விட எனக்கு நினைவில் நிற்பது, சாட்சி சொல்லிவிட்டுத் திரும்பிய அந்தச் சாயங்காலம். உசிலம்பட்டியில் இறங்கி, வழியில் வந்த ஒரு மாட்டு வண்டியில் பாதி தூரம் போய், பிறகு நடந்தோம். அவர் என் வலது பக்கமாக வந்தார். ஊருக்குள் நுழைகிற ஓடைப் பாலத்தில் நான் நின்றேன். எட்டு மாதமும் வேலை முடிந்து திரும்பும்போது அந்த இடத்தில்தான் கூடையை இறக்கிச் சுத்தியலை அடியில் தள்ளி, துணியைச் சரியாக இழுத்து மூடுவேன். அன்றும் கை தானாகத் துணியை இழுத்தது.

"எதுக்கு மூடுற?" என்றார் அய்யா.

குனிந்து சுத்தியலைக் கூடையிலிருந்து எடுத்தார். துண்டை உதறி இடது தோளில் போட்டுக்கொண்டார். வலது தோளில் சுத்தியலைச் சாய்த்துக்கொண்டு எனக்கு முன்னால் தெருவில் நடந்தார். இன்னும் வெளிச்சம் இருந்தது. சாவடியில் ஆட்கள் இருந்தார்கள். அவர் சாயும் தூண் காலியாக இருந்தது.

"என்ன அண்ணே, சுத்தியலும் கையுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எம்மகளோடது" என்றார் அய்யா. நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார். நான் வெறுங்கூடையோடு அவர் பின்னால் போனேன்.