எதிர் வீட்டுச் சாட்சி

விவாகரத்து வாங்குவதைவிட வீட்டுக் கடனைப் பிரிப்பது கஷ்டம். இது முன்பே தெரிந்திருந்தால், ஜாதகத்தைப் புரட்டிப் பார்த்த அக்கறையில் பாதியையாவது கடன் பத்திரத்துக்கும் கொடுத்திருப்போம்.

மேனாம்பேட்டில் இரண்டாவது மாடி வீடு. சேர்ந்து வாங்கியது. பத்திரத்திலும் இரண்டு பெயர், கடனிலும் இரண்டு பெயர். குடும்ப நீதிமன்றம் எங்களைப் பிரித்துவிட்டது, வங்கி பிரிக்கவில்லை. என் முன்னாள் கணவர் நசரத்பேட்டையில் வாடகைக்கு இருந்துகொண்டு, தான் வசிக்காத வீட்டுக்கு மாதாமாதம் பாதித் தவணை கட்டிவந்தார். ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

ஆனால் இந்தக் கடன் தலையில் இருக்கும்வரை அவருக்கு வேறு கடன் கிடைக்காது. ஒரு நாள் போன் செய்தார். "அடுத்த மாசக் கடைசிக்குள்ள கடனை உன் பேருக்கு மட்டும் மாத்திக்கோ. பேங்க்ல முடியாதுன்னுட்டாங்கன்னா வித்துடலாம். நானும் எவ்வளவு நாள் இழுக்கறது?"

நியாயமான பேச்சு. நியாயமாகப் பேசுகிற ஆளோடு சண்டையும் போட முடியாது, அது வேறு எரிச்சல். எனக்கோ விற்க மனமே இல்லை. தென்காசிப் பக்கமிருந்து வேலைக்கு வந்து, விடுதி விடுதியாகப் பெட்டி தூக்கியவள் நான். தனியாக இருக்கும் பெண் இந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடினால் என்னென்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். மறுபடி அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் தெம்பு என்னிடம் இல்லை.

என் பெயரில் மட்டும் புதுக் கடன் கேட்டு விண்ணப்பித்தேன். சம்பளச் சீட்டு, நீதிமன்றத் தீர்ப்பு, கேட்டதெல்லாம் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வங்கி அதிகாரி அழைத்தார்.

"மேடம், தனியா இருக்கறதா எழுதியிருக்கீங்க. எங்க ஆள் விசாரிக்க வந்தப்ப உங்க ஹஸ்பெண்ட் உள்ள தூங்கிட்டிருந்தாராமே?"

"எந்த ஹஸ்பெண்ட்?" என்று கேட்டுவிட்டேன். அது காரியத்தை இன்னும் கெடுத்தது.

விஷயம் இதுதான். நான் அலுவலகத்தில் இருந்த நேரத்தில் வங்கி அனுப்பிய ஆள் வந்திருக்கிறார். சாத்தியிருந்த கதவைப் பார்த்துவிட்டு அதே மாடியில் எதிர் வீட்டில் கேட்டிருக்கிறார். எதிர் வீட்டு அக்கா இந்த ஊர்க்காரர். எங்கள் கட்டடம் நிற்கிற நிலமே ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயல். அவர் அந்த ஆளிடம், "ஊட்டுக்காரரு நைட்டு ஷிப்டு. உள்ள தூங்கிகினு கீறாரு, எழுப்பாதப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர் மேல் கோபப்பட எனக்கு வாயில்லை. நைட் ஷிஃப்ட் கதையைக் கட்டியதே நான்தான். கணவர் போன முதல் வாரம், "சாரைக் காணோமே" என்று அக்கா கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னேன். அதையே இரண்டு வருடம் இழுத்துவிட்டேன். நீதிபதியிடம் ஒரு நிமிடத்தில் சொன்னதை, ஆறடி நடைபாதையைத் தாண்டிப் போய்ச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

கடனிலிருந்து ஒருவரை நழுவவிடுவதற்காகக் காகிதத்தில் மட்டும் பிரிகிறவர்கள் இருக்கிறார்களாம். எங்களையும் அப்படி நினைத்துவிட்டார்கள். இன்னொரு முறை ஆள் அனுப்புவதாகவும், அப்போதும் இதே பதில் வந்தால் விண்ணப்பத்தை மூடிவிடுவதாகவும் அதிகாரி சொன்னார். முன்னாள் கணவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "நீ இன்னுமா அவங்ககிட்ட சொல்லல?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அன்று சாயங்காலமே எதிர் வீட்டுக்குப் போனேன். அக்கா தரையில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்தேன்.

"அக்கா, அவரு இங்க இல்லக்கா. நாங்க பிரிஞ்சுட்டோம்."

"தெரியும் கண்ணு" என்றார், தலை நிமிராமல். "ரெண்டு வருசமா கொடில ஒரு ஆம்பள துணி காயல. நைட்டு ஷிப்டுக்கு துணி இல்லாமயா போவாரு?"

"தெரிஞ்சுமா அந்த ஆள்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"நீ இன்னா சொன்னியோ அத்த தான் சொன்னேன். நீ சொல்லாதத நானு எப்டி சொல்றது? அதுவும் இல்லாம, அவன் யாரு எவன்னு எனக்கு இன்னா தெரியும்? பொம்பள ஒருத்தி தனியா கீறான்னு கண்டவன்கிட்ட சொல்லுவாங்களா?"

ஒரு கை மீனை என் பக்கம் தள்ளினார். கிள்ளிக்கொண்டே வங்கி, கடன், விற்பனை எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "செரி, இப்ப இன்னா சொல்லணும், சொல்லு" என்றார். நான் சொல்லிக்கொடுத்தேன். அக்கா மீனைக் கிள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை அதே ஆள் வந்தார். என் வீட்டைப் பார்த்தார், வாசலைப் படம் எடுத்தார், எதிர்க் கதவைத் தட்டினார். நான் என் கதவைச் சாத்திவிட்டு அதன் பின்னாலேயே நின்றேன். அக்கா குரலைக் கேட்க அவ்வளவு பக்கம் நிற்கத் தேவையே இல்லை.

"போன தபா வந்தவன் தானே நீ? நான் சொன்னது பொய்யி. அவரு இங்க இல்ல, போயி ரெண்டு வருசம் ஆவுது."

"அப்போ அவங்க தனியாதான் இருக்காங்களா?"

"தனியா தான் கீது" என்ற அக்கா, அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும். "எதிர் ஊட்ல நான் கீறேன். அத்தயும் சேத்து எழுதிக்கோ."

நீதிமன்றத்தில் அழாதவள் நான். அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று அழுது தீர்த்தேன். மாதக் கடைசிக்குள் கடன் என் பெயருக்கு மட்டும் மாறியது. மறு வாரம் அவர் பதிவு அலுவலகத்துக்கு வந்து, வீட்டில் தன் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்.