மஞ்சளுக்கு அடியில் இருந்த வெல்டிங்

எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கணும். அஞ்சாவதோட நின்னவ நான். நாலு பேர் முன்னாடி வாயே திறக்க மாட்டேன், அதான் எழுதறேன். நெனவும் இப்போ முன்னபின்ன மாறுது. மாறினாலும் இதை எழுதித்தான் ஆகணும்.

எங்களுக்கு ஆந்திரா எல்லையில நகரி பக்கம். வேர்க்கடலை போடற நெலம். திருப்பதிக்கு வேலைக்குப் போறவங்களை ஏத்திக்கினு போய் வர ஒரு பழைய கார் வேணும்னான் என் மகன். திருப்பதியில ஒரு வியாபாரி கிட்ட போனோம். அன்னிக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளை வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு, உடைக்கப் பூசணிக்காய் கூட எடுத்து வெச்சிருந்தான். பானெட்டைத் திறந்தா உள்ளயும் மஞ்சளும் குங்குமமும்.

"மலை அடிவாரத்துல பூஜை பண்ணி எடுத்தாந்தேன்மா. உங்களுக்குன்னே வெச்சிருக்கேன்" அப்படின்னான், தெலுங்கும் தமிழும் கலந்து.

நாங்க கூட்டிப்போன மெக்கானிக், பானெட் உள்ள முன்சக்கரத்துக்கு மேல கனமா அப்பியிருந்த மஞ்சள்ல நகத்தை வெச்சான். எங்க வூட்டுக்காரர் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"டேய், சாமி மஞ்சளை சொரண்டற?"

"உங்க சாமி, உங்க வண்டி பெரியப்பா. எனக்கென்ன" அப்படின்னு அவன் கையைத் தொடச்சிக்கினான்.

வண்டியை வாங்கி வூட்டுக்கு வந்தும் அதை நாங்க கழுவல. பூஜை மஞ்சள் தானா உதிரணும், நாம தொடக்கூடாது. அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம்.

ஒரு மாசம் கூட ஓடல. புத்தூர் தாண்டி ஒரு வளைவுல அடியில படார்னு ஒரு சத்தம். முன்சக்கரம் உள்ள மடிஞ்சுது. வண்டி நேரா புளியமரத்துல போய் மோதுச்சு. பின் சீட்டுல இருந்த என் மூஞ்சி மேல கண்ணாடி கொட்டுச்சு. மகன் ரத்தத்தைத் துப்பினான், கூடவே ரெண்டு பல்லும். எங்க வூட்டுக்காரர் முன் சீட்டுல மகன் பக்கத்துல இருந்தார். அவர் இடது கால் இரும்புக்கு நடுவுல நசுங்கியிருந்துச்சு. கடப்பாரையால நெம்பித்தான் எடுத்தாங்க. ஆஸ்பத்திரியில முட்டிக்குக் கீழ வெட்டிட்டாங்க.

நசுங்கின வண்டியை அதே மெக்கானிக் பார்த்துட்டு வந்து சொன்னான். அது ஏற்கெனவே எங்கியோ மோதி நொறுங்கின வண்டி. முன்பக்கத்தை வெட்டி, வேற வண்டியோடதை வெல்டிங் வெச்சு ஒட்டி, ஒட்டின இடம் தெரியாம பட்டி மாவு பூசி, பெயிண்ட் அடிச்சு, அது மேலதான் மஞ்சள்.

மகன் எழுந்து உள்ள போனான். கரும்பு வெட்டற கத்தியை எடுத்து சாக்குல சுத்தினான்.

"எங்கடா?"

"அவன் காலை எடுத்தாரப் போறேன்."

"நானும் வரேன்."

"நீ வந்து என்னாம்மா பண்ணுவ? வாயே திறக்க மாட்ட."

"திறக்கல. கூட வரேன்."

பஸ்ஸுல சாக்கை என் மடியில வாங்கி வெச்சிக்கினேன். அவன் கேட்டான், குடுக்கல. எம்புள்ள கொலைகாரனா ஆகக் கூடாது, அது ஒண்ணுதான் என் மனசுல.

வியாபாரி இடத்துல காளஹஸ்தியிலருந்து ஒரு குடும்பம் வந்திருந்துச்சு. புருசன், பொண்டாட்டி, ரெண்டு சின்னப் புள்ளைங்க. அவங்க முன்னாடி ஒரு சிவப்பு வண்டி. அதே மாதிரி மாலை, பூசணிக்காய். பானெட் திறந்திருந்துச்சு.

"எங்க நைனாவுக்கு காலு போச்சு"ன்னான் மகன்.

"நான் விக்கறப்ப வண்டி நல்லா இருந்துச்சு. பூஜை ஆகி கேட்டைத் தாண்டினா என் பொறுப்பு இல்ல."

"வெட்டி ஒட்டினதை மறைச்சு வித்தியே, அது யாரு பொறுப்பு?"

வியாபாரி சிரிச்சான். "உங்க நைனாவுக்கு ஆட்டோமேட்டிக் வண்டி தரட்டுமா? அதுக்கு ஒரு காலே போதும்."

கூட இருந்தவனுங்களும் சிரிச்சானுங்க. நான் சிவப்பு வண்டி கிட்ட போய், முந்தானையை எடுத்து உள்ள இருந்த மஞ்சளைத் தொடச்சேன். வாழ்நாள்ல சாமி மஞ்சளைத் தொடச்சது அது ஒரு தடவைதான். அடியில சாம்பல் கலர்ல பட்டி. நகத்தால கீறினேன். பொக்குன்னு பேந்து வந்துச்சு. உள்ள வெல்டிங், புண்ணு ஆறின தழும்பு மாதிரி.

அந்தப் புள்ளைங்களோட அம்மா எட்டிப் பார்த்துட்டு, "ஏமண்டி, இக்கட சூடண்டி!"ன்னு, இங்க பாருங்கன்னு புருசனைப் பார்த்துக் கத்தினா.

வியாபாரி ஓடிவந்து பானெட்டை என் கை மேல ஓங்கி அடிச்சு சாத்தினான். வெரலு உடையற சத்தம் எனக்கே கேட்டுச்சு. மகன் கத்தியோட வந்தான். வியாபாரி தோள்ல எறங்குச்சு, ரத்தம் மாலை மேல தெறிச்சுது. ஒருத்தன் வீல் ஸ்பேனரால மகன் மண்டையில போட்டான். அப்பவும் கத்தி மேல போச்சு. நான் கையை உருவிக்கினு கீழ விழுந்து மகன் காலைக் கட்டிக்கினேன். ரெண்டாவது வெட்டு வியாபாரி கழுத்துக்கு வந்தது, தப்பி வண்டி மேல பட்டுது. புள்ளைங்க அலறல் இன்னும் காதுல இருக்கு.

வியாபாரி சாவல. கை தூக்க வராதாம். மறைச்சு வித்ததுக்கு அவன் பதில் சொல்லித்தான் ஆகணும்னு வக்கீல் சொல்றார், அந்தக் கேஸ் தனி. மகன் இப்போ சித்தூர் ஜெயில்ல இருக்கான். அவன் கேஸ்ல ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க. முதல்ல பானெட்டா, முதல்ல கத்தியா? பானெட்டுன்னா என்னைக் காப்பாத்த வெட்டினான்னு தண்டனை கொறையுமாம். கத்திதான் முதல்லன்னு வியாபாரி சொல்றான். பானெட்டுன்னு நான் சொல்றேன். பெத்தவ சொல்றது எடுபடல. திரும்பத் திரும்பக் கேட்டா எனக்கும் குழம்புது. சாக்கை நான் எப்போ கீழ வெச்சேன்? அவன் எப்போ பிரிச்சான்?

சிவப்பு வண்டியை வாங்காம திரும்பிப் போன காளஹஸ்திக்காரங்களே, உங்க பேர் கூட எனக்குத் தெரியாது. இதை யாராவது உங்களுக்குப் படிச்சுக் காட்டினா, எது முன்ன எது பின்னன்னு சரிபார்த்துச் சொல்லுங்க. நான் எழுதினது தப்புன்னா அதையும் சொல்லுங்க.