சம்பந்தி வீட்டாருக்கு ஒரு நாள் ஜோக்ஜா

ஜாவாவின் ஜோக்ஜா நகரத்தை ஒரே நாளில் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் வகிரானைத்தான் கேட்பார்கள். முப்பது வருஷமாக வாடகை வண்டி ஓட்டுகிறார். அவர் வகுத்துக் கொடுத்த நாளில் யாரும் விமானத்தைத் தவறவிட்டதில்லை. பிரம்பனான் கோயில் கோபுரங்களில் சாய்ந்த வெயில் விழுவதைத் தவறவிட்டவரும் இல்லை. சூரியனே அவரிடம் நேரம் கேட்டுக்கொண்டுதான் இறங்குகிறது என்று சக ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள்.

அப்படிப்பட்டவர் தன் சொந்த மகளுக்காக ஒரு நாளை வகுத்தார். அதில்தான் எல்லாம் போயிற்று.

மகள் பெயர் விதியஸ்துதி. வீட்டில் துதி. வயது முப்பத்து மூன்று. இரண்டு சம்பந்தம் கைக்கு வந்து நழுவியிருந்தது. தேவாலயப் பாடகர் குழுவில் பக்கத்தில் நின்று பாடிய பரூலியன் என்ற பையனை அவளுக்குப் பிடித்துப்போனது. சுமாத்ராவில் மேடான் நகரத்துப் பாத்தாக் இனக் குடும்பம்; பையன் மட்டும் வேலைக்காக இங்கே. எங்கள் ஜாவாக்காரர்கள் பத்து வார்த்தையில் சுற்றி வளைத்துச் சொல்லாமல் விடுவதை, பாத்தாக் மனிதர்கள் ஒரே வார்த்தையில் தெருமுனை வரை கேட்கச் சொல்லிவிடுவார்கள்.

பையனின் அப்பா ஹொத்மான் தொலைபேசியில் அழைத்தார்.

"பெண்ணைப் பாக்கக் காலை விமானத்துல வர்றோம், ராத்திரி கிளம்பிடுவோம். அப்படியே ஊரைக் காட்டிடுங்க. பிரம்பனானை மட்டும் விட்டுடாதீங்க. பிள்ளைங்க ரெண்டு பேரையும் நடுவுல நிறுத்திப் படம் எடுக்கணும்னு பையனோட அம்மா ஆசைப்படறா."

"ஆகட்டும் ஐயா," என்றார் வகிரான். போனை வைத்துவிட்டு நேரே மனைவியிடம் போனார்.

கல்யாணம் ஆகாத ஜோடி சேர்ந்து பிரம்பனானுக்குள் கால் வைத்தால் பிரிந்துவிடும். ஊரில் குழந்தைக்கும் தெரியும். கட்டிக்கொள்ளக் கேட்டவனை ஏமாற்றிய இளவரசி அங்கேதான் கல்லாய்ச் சமைந்து நிற்கிறாள். தனக்குக் கிடைக்காதது வேறு எவளுக்கும் கிடைக்கக் கூடாது என்று இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிறுதோறும் முதல் வரிசையில் முழந்தாளிடும் வகிரான் இதை நம்பலாமா என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கு, மீதி ஆறு நாளைக்கும் ஆள் வேண்டாமா? வெளிநாட்டு ஜோடிகளை அவரே வண்டி வண்டியாக அங்கே இறக்கியிருக்கிறார். அவர்களை அது பிடிக்காது. எங்கள் மிளகாய் அவர்களைப் பிடிக்கும், எங்கள் சாபம் பிடிக்காது.

"விஷயத்தைச் சொல்லிட வேண்டியதுதானே?" என்றாள் மனைவி பொனிரா.

"பெண் பாக்க வர்றவங்ககிட்ட, பிரிஞ்சு போயிடும்னு வாயைத் திறந்து சொல்றதா? அந்த வார்த்தையே அபசகுனம்."

"அப்ப முடியாதுன்னு சொல்லுங்க."

வகிரான் மனைவியை ஏதோ கெட்ட வார்த்தை கேட்டவர் போலப் பார்த்தார். அவர் பிறந்ததிலிருந்து யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. அவர் அப்பாவும் சொன்னதில்லை. மரியாதையான குடும்பம்.

ஆகவே அந்த நாளை வகுத்தார். முப்பது வருஷத் திறமையையும் போட்டு, கோயிலுக்குப் போய்ச் சேர முடியாதபடி வகுத்தார். விமான நிலையம் மேற்கே, கோயில் கிழக்கே. நடுவில் அரண்மனை, ராணிகள் குளித்த குளம், வெள்ளிப் பட்டறை, துணிக்கடை, இன்னொரு துணிக்கடை.

காலைச் சாப்பாட்டிலேயே சகுனம் சரியில்லை. பலாக்காயை வெல்லத்தில் வேகவைத்த எங்கள் குடெகை ஹொத்மான் ஒரு வாய் வைத்துவிட்டு மகனைப் பார்த்தார்.

"ஏண்டா, சோத்துக்கு முன்னாடியே பாயசமா?"

துதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பரூலியனின் அம்மா அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத் தன் தட்டிலிருந்த முட்டையை அவள் தட்டில் வைத்தாள். அந்த நொடியில் காரியம் முடிந்தாயிற்று. இனி யாரும் எதையும் கெடுக்காமல் இருந்தாலே போதும்.

வகிரான் இருந்தாரே.

இரண்டாவது துணிக்கடையில் ஹொத்மான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கோயில் எங்க வகிரான்? நான் என்ன ஜவுளி வியாபாரத்துக்கா வந்தேன்?"

"போற வழிதான் ஐயா. இப்ப வெயில் கொஞ்சம்..."

"தொப்பி இருக்கு."

"மழை வர்ற மாதிரியும்..."

"வெயிலா மழையா? ஒண்ணு சொல்லும்."

வகிரான் புன்னகைத்தார். வெள்ளிப் பட்டறைக்கு விட்டார். அங்கே வேண்டுமென்றே ஒரு மோதிரத்தின் பிறப்பை உருக்குவதிலிருந்து மெருகேற்றுவது வரை காட்டச் சொன்னார்.

கோயில் வாசலை அடைந்தபோது காவலர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். மரங்களுக்கு மேலே கோபுரங்கள் கறுத்து நின்றன. வகிரானுக்கு மூச்சு வந்தது. வருத்தத்தை முகத்தில் வரவழைத்துக்கொண்டு இறங்கினார்.

"அடடா, மூடிட்டாங்களே!"

தினமும் அவரைப் பார்க்கும் காவலர் கையைத் தட்டிச் சிரித்தார். "அட, வகிரான் அண்ணனா பிந்தி வர்றது! இந்த வாசல் மூடற நேரத்தை எங்களுக்கே சொல்ற ஆளாச்சே நீங்க! பொண்டாட்டி கூடச் சண்டையா?"

ஹொத்மான் இதைக் கேட்டார். அவர் காது அவர் குரலைப் போலவே கூர்மை. வண்டிக்குள் ஏறும்வரை பொறுத்திருந்தார்.

"வேணும்னேதான் சுத்தினீரா?"

வகிரான் புன்னகைத்தார். வெட்கத்தில் சாகும்போதும் ஜாவாக்காரனுக்கு அதுதான் வரும்.

"சிரிக்கிறாரு பாரு! என் பையனும் உம்ம பெண்ணும் சேர்ந்து ஒரு படத்துல நிக்கறது உமக்கு ஆகல. அதுதானே? மனசுல இருக்கறதை நேராச் சொல்லும். உம்ம பெண்ணை எங்க வீட்டுக்குத் தர இஷ்டமா இல்லையா?"

பெண் கேட்கப்படும் நேரம் அது. ஜாவாவில் பெண் கேட்டால் தகப்பன் தாழ்ந்து பேச வேண்டும். மூன்று முறை பேச வேண்டும், கேட்பவர் மூன்று முறையும் அப்படியெல்லாம் இல்லை என்று மறுக்க வேண்டும். வகிரானின் நாக்குக்கு வேறு எதுவும் தெரியாது.

"எங்க பெண்ணுக்கு உங்க குடும்பம் ஏணி வெச்சாலும் எட்டுமா ஐயா? அவளுக்கு உப்புகூடச் சரியாப் போட வராது. உங்களுக்குத்தான் சங்கடம்."

சொல்லிவிட்டு, மறுப்பு வருமென்று காத்திருந்தார்.

"புரிஞ்சுபோச்சு," என்றார் ஹொத்மான். "வண்டியை எடும்."

பின்னிருக்கையில் பரூலியன் துதியைப் பார்த்தான். ஏதாவது சொல் என்று பார்த்தான். அப்பா பேசும்போது குறுக்கே பேசாமல் வளர்க்கப்பட்ட பெண் அவள். ஜன்னலைப் பார்த்தாள். வழக்கம் போல, விமானத்துக்கு நேரத்தோடு சேர்ந்துவிட்டார்கள்.

துதி பிறகு அவனுக்கு எல்லாவற்றையும் விளக்கினாளாம். அவன் நம்பவும் செய்தானாம். "அப்பா கிடக்கட்டும். நீ என்ன பண்ணின? உன்னைக் கேட்டப்ப நீயும் ஜன்னலைத்தானே பாத்த? நாளைக்கும் இப்படித்தான் பாப்ப," என்றானாம். மழைக்காலத்தில் மேடானுக்கே வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டான். பாடகர் குழுவில் அவன் இடத்தில் ஒரு தாத்தா நிற்கிறார், சுருதி சேரவில்லை.

அவர்கள் கோயிலுக்குள் காலே வைக்கவில்லை. அந்த இளவரசிக்கு வாசலுக்கு வெளியேயும் கை எட்டும்.

ஒரு காலையில் வகிரான் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். துதி தேவாலயத்துக்குப் போகிற உடையில் வந்து முன்னிருக்கையில் ஏறினாள்.

"பாட்டுக்கு நேரமாச்சா அம்மா?"

"பாட்டுக்கு இல்லப்பா. எனக்கு இன்னிக்கு ஒரு நாள் போட்டுக் குடுங்க."

"எங்கெங்க?"

"பிரம்பனான். அது ஒண்ணு போதும்."

"இன்னிக்கு வெயில் கொஞ்சம்..."

"அப்பா." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "இனிமே அங்க போனா என்னதான் பிரியும்?"

முடியாது என்று சொல்ல வகிரானின் வாய் முதல்முறையாகத் திறந்தது. அப்படியே மூடிக்கொண்டது. துணியைப் பிழிந்து காயப்போட்டார். வண்டியில் ஏறினார். துணிக்கடைகளைத் தாண்டி, எங்கும் நிற்காமல், கிழக்கே நேராக ஓட்டினார். கோயில் வாசல் திறக்க இன்னும் வெகுநேரம் இருந்தது.