பிடுங்காத கழிகள்

உலாந்தாக்காரர்கள் என்று நாங்கள் சொல்லும் டச்சுக்காரர்களின் கோட்டை பழவேற்காட்டில் இருந்தது. ஆனால் கடலிலிருந்து எந்தப் படகு ஏரிக்குள் நுழைந்தாலும் முகத்துவாரத்துத் தீவிலிருக்கும் பீரங்கிகளைத் தாண்டித்தான் வரவேண்டும். தீவு போனால் கோட்டையும் போனமாதிரிதான். என் தங்கையின் கணவர் அந்தத் தீவில் காவல் சிப்பாய். எங்கள் கோட்டைக்குப்பத்துக்காரர்தான். வலை இழுக்கச் சோம்பல்பட்டுத் துப்பாக்கி தூக்கப் போனவர் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

எங்களுக்குள் பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் நல்ல மீன் விழும் இடங்களை வீட்டுக்கு வீடு முறைவைத்துக்கொள்வோம். பாடு வந்த வீடு ஆழத்தின் இரண்டு பக்கமும் கழி நட்டு வலை கட்டும். கழி நிற்கும்வரை இடம் அந்த வீட்டுக்கு. பிடுங்கிவிட்டால் பாடு முடிந்தது, அடுத்த வீடு இறங்கிவிடும். அதனால் நட்ட கழியை யார் வந்து சொன்னாலும் பிடுங்கமாட்டோம். அதில் எங்களுக்கு ஒரு திமிரே உண்டு.

அந்த வருடம் தீவை ஒட்டிய இடம் எங்களுக்கு வந்தது. இறால் கொட்டிக்கொண்டிருந்த நேரம். அப்போது பார்த்து இங்கிலீஷ்காரர்களின் கப்பல்கள் கடலில் தென்பட்டன. ஏரியிலுள்ள கழிகளையெல்லாம் எடுக்கச் சொல்லிக் கோட்டையிலிருந்து தண்டோரா போட்டார்கள். தங்கையின் கணவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, கழிங்கள புடுங்கிடு. எங்க ஆழம், எங்க சேறுன்னு அது காட்டிக் குடுத்துடும். தீவுல நாங்க கொஞ்சம் பேருதான் இருக்கோம்."

"புடுங்கினா பாடு போய்டும்டா. வெள்ளக்காரனும் வெள்ளக்காரனும் அடிச்சிக்கறதுக்கு நான் இன்னாத்துக்கு பட்டினி கெடக்கணும்? கடல்ல வர்றவனுக்கு நம்ம கழி இன்னா புரியும்?"

வீட்டுக்காரர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வந்தவருக்கு இறால் குழம்பு ஊற்றினேன். சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் விடிகாலை மூடுபனியில் இங்கிலீஷ்காரர்களின் படகுகள் வந்தன. ஒரு படகுகூடச் சேற்றில் தட்டவில்லை. எங்கள் கழிகளுக்கு நடுவே, எங்கள் வலையைக் கிழித்துக்கொண்டு, வரிசையாகப் போய்த் தீவில் ஏறினார்கள். வெயில் வருவதற்குள் எல்லாம் முடிந்தது. தங்கையின் கணவரைப் பிணமாகத்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் அழுது தீர்த்திருப்போம். இங்கிலீஷ்காரத் துரை என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டனுப்பி, கடைத்தெருவில் வைத்துப் பட்டுச் சால்வை போர்த்தினார். வழி காட்டியதற்கு மரியாதையாம்.

"மீனுக்கு நட்டதுங்க அது" என்று இவர் சொல்ல, துபாஷி சிரித்துவிட்டு வேறு ஏதோ மொழிபெயர்த்தான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சால்வையை இவர் கழற்றி எறியவில்லை. எறியச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. பயம்தான்.

காரியம் முடிந்ததும் தங்கை வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"மாமா அவங்களுக்கு வேல செஞ்சாருன்னு ஊர்ல பேசிக்கறாங்க. நெசமா, அக்கா?"

"சத்தியமா இல்லடி. பாடு போய்டும்னுதான் கழிய புடுங்காம வுட்டாரு."

என் புருஷன்மேல் விழுந்த பழியைத் துடைத்துவிட்டதாக நினைத்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் சொன்னது உறைத்தது.

"எறாலுக்கா, அக்கா?"

திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை. அந்த வெட்கம் இன்னும் என்னை விடவில்லை.

மறுநாள் கழிகளைப் பிடுங்க நாங்கள் இருவரும் படகில் போனோம். முதல் கழியில் கை வைத்ததும் தீவிலிருந்து துப்பாக்கியை நீட்டி விரட்டினார்கள். அவர்கள் படகு வந்துபோக அந்தக் கழிகள் வேண்டுமாம். பிறகு ஆள் வைத்து, தூரத்திலிருந்தே தெரியும்படி அவற்றுக்குச் சுண்ணாம்பும் அடித்தார்கள். சாய்ந்தால் நிமிர்த்துகிறார்கள், உளுத்தால் புதிது நடுகிறார்கள்.

ஊர் தன் முறையை மாற்றவில்லை. கழி நிற்கும்வரை பாடு எங்களுடையது என்று அந்தப் பக்கம் யாரும் வலை கொண்டுபோவதில்லை. நாங்களும் போவதில்லை. தங்கை வீட்டு வாசலில் நின்றால் அந்த வெள்ளைக் கழிகள் ஒன்றுவிடாமல் தெரியும்.