சோடாக்காரர் மேல் விழுந்த வெயில்

நிரப்பிய பாட்டிலை உடனே பெட்டியில் அடுக்கிவிட மாட்டார் சவரிநாதன். காதோரம் வைத்து ஒரு தரம் குலுக்கிப் பார்ப்பார். கழுத்தில் கோலி அசையாமல் நின்றால்தான் விற்பனைக்கு. மரக்காணத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஓலைச் சாய்ப்புக் கடை. உள்ளே கையால் சுற்றும் இரும்பு மெஷின், மூலையில் சங்கிலி போட்டுக் கட்டிய கேஸ் சிலிண்டர். இடது புருவம் அவருக்குப் பாதிதான் உண்டு. மீதியை வெடித்த பாட்டில் ஒன்று கொண்டுபோய்விட்டது. "அது எலுமிச்ச சோடா பண்ண வேல. பன்னீரு சோடா இப்பிடியெல்லாம் செய்யாது" என்பார்.

உப்பளத்து ஆட்களை முகம் பார்க்காமலே அடையாளம் கண்டுகொள்வார். வெடித்து வெளுத்த பாதங்கள் போதும். அவர்களுக்குத்தான் முதல் சோடா. பஸ்ஸிலிருந்து இறங்கிய வேட்டிக்காரர் யாராவது அவசரப்பட்டால், "ஒக்காந்துகினு வந்தவருக்கு என்னாங்க தாகம்? செத்த நில்லுங்க" என்று ஓரமாய் நிறுத்திவிடுவார்.

அப்படிப்பட்டவர் எழுபத்து நாலாம் வருஷம் சித்திரையில், உப்பு பூத்துக் கிடக்கும் காலத்தில், கடையைச் சாத்தினார்.

படிப்பகத்தில் நடந்த அறிவியல் கூட்டம்தான் காரணம். உப்பள வீட்டில் பிறந்து சென்னையில் பி.எஸ்ஸி. முடித்து வந்திருந்த நடராசன் அன்று பேசினான். சூரிய வெளிச்சம் பூமியைச் சுடவைக்கிறது. அந்தச் சூடு முழுவதும் வானத்துக்குத் திரும்பிப் போய்விடாமல் காற்றிலுள்ள கரியமில வாயு கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தப் போர்வை இல்லாவிட்டால் குளிரில் விறைத்துப் போவோம். ஆனால் வாயு கூடினால் போர்வை தடித்து, சூடு ஏறிக்கொண்டே போகும். இதையெல்லாம் அழகாகத்தான் சொன்னான். பின்வரிசையிலிருந்து ஒருவர், "அந்த வாயு எங்கப்பா கீது?" என்று கேட்டார். சுலபமாகப் புரியட்டுமே என்று நடராசன், "நம்ம சவரிநாதன் அண்ணன் சோடாவுல அடைக்கிறாரே, அதேதாங்க" என்றான்.

மொத்தக் கூட்டமும் திரும்பி, ஓரமாய் உட்கார்ந்திருந்த சவரிநாதனைப் பார்த்தது.

மறுநாளே ஆரம்பித்துவிட்டாள், உப்பு வாரும் கொளஞ்சியம்மாள். "ஏம்பா சவரி, எங்க பாத்தி ஓரமா வந்து ஒரு பத்து சோடா ஒடச்சி வுடேன். சூடு ஏறி சீக்கிரம் உப்பு எறங்கும்ல?" எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கத்தான் பார்த்தார்.

மூன்றாம் நாள் நடுப்பகலில் சாலம்மாள் உப்புக் கூடையோடு வரப்பிலேயே சுருண்டு விழுந்தாள். தூக்கிவந்து கடைச் சாய்ப்பில் கிடத்தினார்கள். சவரிநாதன் பாட்டிலை எடுத்தார், கோலியில் கட்டைவிரலை வைத்தார். அழுத்த முடியவில்லை. பானைத் தண்ணீரைத்தான் புகட்டினார். சாலம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் சாத்திய கடைதான்.

"என் கேசு ஏத்துன சூட்டுல அந்தப் பொம்பள வுழுந்துட்டா" என்றார் மனைவியிடம்.

"நீ வுட்ட கேசு இந்தத் தெருவத் தாண்டியிருக்குமா?" என்றாள் இன்னாசிமேரி.

நடராசன் ஓடிவந்தான். "ஒரு உதாரணத்துக்குச் சொன்னேண்ணே. ஆகாசம் எம்மாம் பெருசு, உங்க சிலிண்டரு எம்மாத்துண்டு?"

"கொஞ்சமாப் பண்ணா தப்பு இல்லியா, தம்பி?"

பதினெட்டு வருஷத்துத் தொழிலை விட்டுவிடுவது என்று அவர் முடிவு செய்துவிட்டார். சிலிண்டர் வண்டி வந்ததும் இருப்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதுச்சேரியில் மச்சான் பார்த்து வைத்திருக்கும் வாட்ச்மேன் வேலைக்குப் போவது. உப்பளத்து ஆட்கள் மூடிய கடையைப் பார்த்துவிட்டு வெந்நீராய்க் கொதிக்கும் தூக்குத் தண்ணீரைக் குடித்துப் போனார்கள்.

கடை சாத்திய பதினோராம் நாள் சிலிண்டர் வண்டி வந்தது. டிரைவர் சேட்டு கதையைக் கேட்டு, ஸ்டீயரிங்கில் சாய்ந்து சிரித்தான்.

"யோவ் அண்ணே, இந்த கேசு எங்கேர்ந்து வருதுன்னு என்னிக்காவது கேட்டியா நீ? சாராய ஆலையில கரும்புப் பாகு புளிச்சி நொரைக்கும். அதுல பொங்கற கேசத்தான் புடிச்சி அடைக்கிறான். புடிக்கலன்னா அங்கியே காத்துல போயிடும்."

"நான் சோடா போடலன்னாலும்?"

"நீ செத்தாலும் போவும்!"

பக்கத்தில் நின்றிருந்த நடராசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கரும்பு வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட வாயுதான் அது, காற்றுக்கே திரும்பிப் போகிறது என்றான். மண்ணுக்கடியில் யுகக்கணக்காய்ப் புதைந்து கிடந்த கரியையும் எண்ணெயையும் தோண்டி எரிக்கிறார்களே, அதில் கிளம்புவதுதான் புதிதாக வந்து சேர்ந்து போர்வையைத் தடிக்க வைக்கிறது என்றான்.

சவரிநாதன் அதையே மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு பெட்டிமேல் உட்கார்ந்து, அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு விட்டார். "ஏண்டா, இத அன்னிக்கே சொல்லித் தொலைக்கக் கூடாதா? பதினோரு நாளு ஊரையே வெறுந்தண்ணி குடிக்க வச்சிட்டியே!"

"உங்க கேசு எங்கேர்ந்து வருதுன்னு எனக்கே இப்பதாண்ணே தெரியும்."

பொழுது சாய்வதற்குள் மெஷின் சுற்ற ஆரம்பித்தது. முதல் பாட்டில் சாலம்மாளுக்கு. கொளஞ்சியம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். "அப்ப எங்க பாத்திக்கு ஒன் சோடாவால ஒண்ணும் ஆவாதா?"

"இருக்கற வெயிலு பத்தலியா ஒனக்கு? வாய மூடிக்கினு குடி, தாயே."

அதற்குப் பிறகும் சவரிநாதன் அதே கடையில்தான் இருந்தார். சேட்டு மாதம் ஒருமுறை வருவான். அவன் வண்டி ஓடுவது டீசலில். அதைப் பற்றி அவர் அவனிடம் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. வண்டி கரும்புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியதும் கடை வாசலுக்கு வந்து, தோள் துண்டை உருவி, அந்தப் புகையை இரண்டு முறை விசிறிவிட்டு உள்ளே போவார்.