டார்ச் காட்டுபவர் வெளியே போன காட்சி

"படத்தப் பத்தி கேளு, சொல்றேன். அந்த ஆளப் பத்தி ஒனக்கு எதுக்கும்மா?" என்று மருமகளை அதட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

பெங்களூரு காக்ஸ் டவுன் பக்கத்துத் தியேட்டரில் டார்ச் அடித்து சீட் காட்டுபவர் அவர். ஒல்லி உடம்பு; இன்னொருவரும் நுழையலாம் போலக் காக்கிச் சட்டை. 'பறக்கும் வீரன்' படத்தின் இரண்டாம் பாகத்துக்குப் பேரப்பிள்ளைகள் என்னை மூன்று முறை இழுத்துப் போனார்கள். மூன்று முறையும், சண்டையில் கட்டடம் இடியும்போது அவர் வெளியே போய்விட்டார்.

கடைசி முறை நானும் பின்னாலேயே போனேன்.

"என்னங்க, அட்டைக் கட்டடத்துக்கு இவ்ளோ பயமா?"

"முதல் பாகத்துலயும் ஒண்ணு இடிஞ்சுதும்மா. உள்ள இருந்தவங்க என்ன ஆனாங்கன்னு இதுல சொல்லுவான்னு பாத்தேன். சொல்லவே இல்ல."

"ஜாலிக்கு எடுத்த படத்துல அதெல்லாமா தேடுவாங்க?"

"ஜாலிதான். முதல் பாகம் பாத்தப்ப நானும் கை தட்டினேன். அதுக்கப்புறம்தான் என் சம்சாரம் சித்தாள் வேல பாத்த கட்டடம் இடிஞ்சுது."

உள்ளே பிள்ளைகளின் விசில் கேட்டது. "முடிஞ்சிருக்கும், வாங்க," என்று என் காலடிக்கு வெளிச்சம் காட்டினார்.

படம் எப்படி என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். "ஜாலியா இருக்கு, பிள்ளைங்கள கூட்டிட்டுப் போங்க. டார்ச் காட்டுறவருகிட்ட மட்டும் கதைய கேக்காதீங்க," என்றேன்.