மாலை போட்ட சிலிண்டர்

காலி சிலிண்டரைக் கொடுத்தால்தான் நிரப்பிய சிலிண்டரை இறக்குவார்கள். எங்கள் வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. அது தீர்ந்து, பதிவு செய்து, மறுநாள் காலை வண்டி வரும் என்ற நிலையில் அத்தை அதை இரவல் கேட்டாள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அத்தை அப்பாவின் அக்கா. ஸ்ரீரங்கத்தில் எங்களோடு இருந்தாள், பூக்கட்டிப் பிழைத்தாள். கேஸ் விலை மறுபடியும் ஏறியிருந்ததால் அவளுடைய மாதர் சங்கத்துப் பெண்கள் காந்தி மார்க்கெட் அருகே போராட்டம் வைத்திருந்தார்கள். சிலிண்டருக்கு மாலை போட்டு ஒப்பாரி வைப்பது இந்த மாதிரிப் போராட்டங்களில் வழக்கம். மாலை அத்தையின் பொறுப்பு. வாய் சும்மா இருக்காமல் சிலிண்டரும் ஒன்று கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள்.

“நாளைக்கு வண்டி வருது அண்ணி. இது இல்லன்னா இறக்க மாட்டாங்க,” என்றாள் அம்மா.

“சாயந்தரம் இங்க இருக்கும். போதுமா?”

பள்ளி விடுமுறை, அம்மாவுக்கு வேலை. அதனால் நானும் போனேன். லோடு ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியபோது, சிலிண்டரின் கைப்பிடி வளையத்துக்குக் கீழே பொறித்திருந்ததை அத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“எல்லாமே செவப்பாத்தான் இருக்கும். நம்மளது எதுன்னு உனக்குத்தான் தெரியணும். நம்பர மனப்பாடம் பண்ணிக்க. இத விட்டு நகரக் கூடாது.”

15.7. C-17. முதலாவது காலி எடை, இரண்டாவது அடுத்த பரிசோதனைக்கான தவணை என்பதெல்லாம் பொறியியல் படித்த பிறகு தெரிந்தது. அன்று அவை என் பொறுப்பில் இருந்த இரண்டு எண்கள், அவ்வளவுதான்.

அங்கே மொத்தம் ஐந்து சிலிண்டர்கள். எங்களுடையது வலது ஓரம். பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அத்தைக்கு அழுகையை மீறிச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. மூட்டை தூக்கிக்கொண்டு போன ஒருவர் நின்று, பதினாறாம் நாள் காரியம் என்றைக்கு என்று கேட்டார்.

“வெல எறங்குற அன்னைக்குத்தான். எலை போடுறோம், வந்துருங்க,” என்றாள் அத்தை.

ஓரமாக இருக்கத்தான் அனுமதி. ஒரு மணி நேரம் கழித்துச் சிலிண்டர்களை நடுரோட்டுக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். காய்கறி லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. இன்ஸ்பெக்டர் மைக்கில் இரண்டு முறை கலையச் சொன்னார். யாரும் எழவில்லை. மூன்றாவது முறை மைக் இல்லை, லத்தி.

முதலில் செருப்புகள் சிதறின. பிறகு பேனர் கிழிந்தது. எல்லோரும் எதிரே இருந்த வெங்காய மண்டிச் சந்துக்குள் ஓடினார்கள். முன்வரிசையில் இருந்த அத்தை முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் ஒருத்தி. நான் ஓடவில்லை. சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஒரு பெண் போலீஸ் குனிந்து, என்னை எழுந்து ஓடச் சொன்னார். இது எங்கள் வீட்டுடையது, சாயந்தரம் கொண்டுபோக வேண்டும் என்று அவருக்கு விளக்கினேன்.

அப்போதுதான் அத்தை சந்திலிருந்து திரும்பி வந்தாள், ஓடி வருகிறவர்களுக்கு எதிராக. என் மேல் கவிழ்ந்து, தலையை வலது கையால் மூடினாள். ஓர் அடி அவள் தோளில் விழுந்தது. அடுத்தது அந்தக் கையில். அவள் என்னை இழுத்த வேகத்தில் சிலிண்டர் சாய்ந்து உருண்டுபோனது. அதற்காகத் திரும்பி வந்தவள் அதையே விட்டுவிட்டாளே என்று எனக்குக் கோபம்.

எங்களை வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். சாயந்தரம் விட்டார்கள். சிலிண்டர்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மாலை இல்லாமல் நின்றன. அத்தையின் கை வீங்கியிருந்தது.

“ஏதாச்சும் ஒண்ண எடு பாப்பா, போகலாம்.”

நான் சம்மதிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் குனிந்து படித்தேன். நான்காவது எங்களுடையது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கெட்டிக்காரப் பொண்ணு என்றார்.

வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன்: அத்தை சிலிண்டருக்காக ஓடி வந்தாள், ஆனால் கண்டுபிடித்தது நான். அத்தை மறுக்கவில்லை. அப்பா அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

காலையில் வண்டி வந்தது. வந்தவர் எங்கள் சிலிண்டரைத் தூக்கி மற்றவற்றோடு போட்டுவிட்டு வேறொன்றை இறக்கினார். படித்தேன்: 16.1. மாற்றிவிட்டார்கள் என்று கத்தினேன். அவர் சிரித்தார். எப்போதும் மாற்றித்தான் கொடுப்பார்களாம். காலியாக இருந்தால் போதும், எது என்பது கணக்கில்லையாம்.

அத்தைக்கு இது தெரிந்தே இருந்தது. மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “சரி விடு. இதோட நம்பரையும் மனப்பாடம் பண்ணிக்க,” என்றாள்.

பண்ணிக்கொண்டேன். அவள் பக்கத்தில் அன்றைய மல்லிகை கூடையோடு அப்படியே இருந்தது. மொட்டெல்லாம் விரிந்துவிடுமே, ஏன் இன்னும் கட்ட ஆரம்பிக்கவில்லை என்று கேட்டேன்.